கதிர் பட்ட கண்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கண்ணில் வந்துதான் நிற்கிறது. உங்களுக்கு எந்தக் கண், எனக்கு எந்தக் கண், லென்ஸ் வைத்தாயிற்றா, குளித்தால் தண்ணீர் படலாமா. போன மாதம் மதுரைத் தல்லாகுளத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தபோதும் அதே பேச்சுதான். பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள், புரை என்றால் பயமில்லை, எடுத்துவிடலாம், கருவிழியில் பூ விழுந்தால்தான் கஷ்டம் என்றார்.

பூ விழுந்தால் என்று அவர் சொன்னதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணின் கருப்புக்கு மேலே வெள்ளையாக ஒரு தழும்பு விழுவதைத்தான் நம் பக்கம் அப்படிச் சொல்வோம் என்பது உங்களுக்குத் தெரியும். பார்க்கிறவர்களுக்குத்தான் அது பூ. விழுந்தவருக்கு இருட்டு. வீட்டுக்கு வந்து, அடுப்பை அணைத்திருக்கிறேனா என்று வழக்கம்போல இரண்டு தடவை பார்த்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் அம்மாவைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்ததே தப்பு.

எங்கள் ஊர் திருவாதவூருக்கு அந்தப் பக்கம். அப்பா லாரியில் வடக்கே போகிறவர், மாதத்தில் ஒரு நாள் வருவார். தம்பி பிறந்ததும், அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதை யாரும் பெரிய காரியமாக நினைக்கவில்லை. நானும் அழுததாக நினைவில்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, இவனைப் பூச்சி கடித்துவிடுமோ, கிணற்றுப் பக்கம் போய்விடுவானோ என்று பயப்படுவதுதான் அன்றைக்கு எனக்கு வேலை. பயந்து பயந்து எல்லாவற்றையும் உற்றுப் பார்க்கிற பழக்கம் அப்போது வந்தது. இன்றுவரை போகவில்லை.

அம்மாவுக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. கண்ணில் தூசி விழுந்தால் நாக்கால் எடுக்கத் தெரிந்தவர். சுற்றுவட்டாரத்தில் அம்மா ஒருவருக்குத்தான் அது கைவந்திருந்தது. உப்புத் தண்ணீரில் மூன்று முறை வாய் கொப்பளிப்பார். வந்தவரைத் தரையில் உட்கார வைத்து, தலையைத் தன் முழங்காலில் சாய்த்து, இரண்டு விரலால் இமையைப் பிரிப்பார். பிறகு தன் கண்ணை மூடிக்கொண்டு, நாக்கின் நுனியால் இமைக்கு உள்ளே ஒரு சுற்று. எடுத்ததை வெற்றிலையின் மேல் துப்பிக் காட்டுவார். உமித் துண்டு, மண், சின்னப் பூச்சியின் இறக்கை. வந்தவர் கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்துவிட்டு, இப்பத்தான் உசுரு வந்துச்சு என்பார்.

அந்த வாய்க்காக அம்மா வெற்றிலை போட்டதில்லை. குழம்பில் பச்சை மிளகாயைக் கடித்ததில்லை. யாரிடமும் ஒரு வாழைப்பழம்கூட வாங்கியதில்லை. உப்புத் தண்ணீர்ச் சொம்பை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நிற்பது நான். அடி நசுங்கிய பித்தளைச் சொம்பு, அம்மாவின் சீதனம். இப்போது அது எந்தப் பரணில் போனதோ. என்னோடு படித்த பிள்ளைகள் என்னை நாக்குக்காரி மகள் என்று கேலி செய்வார்கள். எனக்கு அது கேலியாகவே படாது. யார் கண்ணில் என்ன விழுந்தாலும் என் அம்மாவிடம்தானே வர வேண்டும்.

ஏன் கண்ணை மூடிக்கொள்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். நாக்குதான் பார்க்கிறதே, நான் வேறு எதற்குப் பார்க்க வேண்டும் என்றார். அதை எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

இனி அத்தை. அப்பாவின் தங்கை. புருஷனைச் சின்ன வயதிலேயே இழந்து, இரண்டு பிள்ளைகளோடு எங்கள் வீட்டை ஒட்டியே குடியிருந்தவர். அறுப்புக் காலத்தில் ஊரில் உள்ள பெண்களை வயலுக்குக் கூட்டிப் போவது அத்தைதான். முதல் வரிசை பிடிப்பதும் அவர்தான். மற்றவர்கள் ஒரு கட்டு அறுப்பதற்குள் ஒன்றரைக் கட்டு போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். இத்தனையும் ஒற்றைக் கண்ணோடு. குழந்தையாக இருந்தபோது மணல்வாரி அம்மை போட்டு, கண்ணில் ஏதோ இலைச்சாறு பிழிந்து, இடது கண்ணில் பூ விழுந்துவிட்டதாம். இப்போதுதான் நமக்குத் தெரிகிறது, அந்த அம்மைக்குத் தடுப்பூசி இருக்கிறது, சத்தான சாப்பாடும் கீரையும் கொடுத்திருந்தாலே கண் பிழைத்திருக்கலாம் என்று. அப்போது அம்மை கண்ட பிள்ளைக்குக் கஞ்சித் தண்ணீருக்கு மேல் எதுவும் தர மாட்டார்கள். பச்சைச் சாறு மட்டும் கண்ணில் பிழிவார்கள்.

ஆக, அத்தைக்கு இருந்தது வலது கண் ஒன்றுதான்.

அந்த வருஷம் தை அறுப்பில் கதிர் நல்ல கனம். குனிந்து ஒரு பிடியை அறுத்து இழுத்தபோது, பக்கத்துக் கதிர் ஒன்று விசுக்கென்று நிமிர்ந்து அத்தையின் வலது கண்ணில் பட்டது. வயலில் சாப்பாட்டுத் தூக்கை வைத்துக்கொண்டு நானும் நின்றிருந்தேன். அத்தை கத்தவில்லை. அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, முழங்கையால் கண்ணை மூடிக்கொண்டு, வரப்பைக் காலால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். அப்படி அவர் தடவியதைப் பார்த்ததும், தூக்கை வரப்பில் வைத்துவிட்டு, அடுத்த வரிசையில் இருந்த அம்மாவைக் கூப்பிட ஓடினேன்.

அம்மா அங்கேயே நாக்குப் போட்டார். நெல் முனை ஒன்று வந்தது. எல்லாரும் வெற்றிலையைக் கை மாற்றிப் பார்த்தார்கள். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி வரிசைக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் கண் சிவந்தது. இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று அம்மா மறுபடி நாக்குப் போட்டார். ஒன்றும் வரவில்லை. பிள்ளை பெற்றிருந்த ஒருத்தியிடம் தாய்ப்பால் வாங்கி விட்டார்கள். அம்மா இன்னொரு தடவையும் போட்டார். பிறகு மருந்துக்கடையில் ஒருவர் சொட்டு மருந்து ஒன்று எடுத்துக் கொடுத்தார். அதை விட்டதும் இரண்டே நாளில் சிவப்பு வடிந்தது. வீட்டில் ஒரே சந்தோஷம். அத்தை அரிவாளைத் தீட்டப் போட்டார்.

எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அத்தை வெயிலில் உட்கார்ந்து தன் பெண்ணுக்குப் பேன் பார்க்கும்போது நான் அத்தையின் கண்ணைப் பார்ப்பேன். கருப்பின் நடுவில், கொஞ்சம் கீழே தள்ளி, வெள்ளையாக ஒரு புள்ளி. முதல் நாள் கடுகளவு. இரண்டு நாள் கழித்துக் குருணை அளவு. அதன் ஓரம் வழுவழுப்பாக இல்லை, பஞ்சு பிய்ந்த மாதிரி இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். சிவப்பே போய்விட்டது, நீ எதையாவது சொல்லி அவளைப் பயமுறுத்தாதே என்றார். அத்தையிடம் சொன்னேன். அவர் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, ஒனக்கு நிழலக் கண்டாலும் பயம்டி என்றார். சொல்லும்போது அவர் முகம் எனக்கு நேராக இல்லாமல், ஒரு சாண் தள்ளி இருந்தது.

அன்றைக்கு இரவே வலி வந்துவிட்டது. காலையில் அத்தை கண்ணைப் பொத்திக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா வழக்கம்போல உட்கார வைத்தார். என்னிடம் கையை நீட்டினார். நான் சொம்பைத் தரவில்லை.

"குடுடி."

தர மாட்டேன் என்று சொம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றேன். முதுகில் ஒரு அறை விழுந்தது. தண்ணீர் என் பாவாடையெல்லாம் கொட்டியது. அப்போதும் சொம்பை விடவில்லை. தம்பி பயந்து அழுதான்.

"ஒரு தடவை கண்ணத் தொறந்து பாரும்மா. நீ பாத்ததே இல்லையே" என்றேன்.

அம்மாவின் கை அப்படியே நின்றது. என்ன நினைத்தாரோ, அத்தையைக் கைபிடித்து வாசல் வெயிலுக்குக் கூட்டிப் போனார். தாடையை நிமிர்த்தி, இமையைப் பிரித்து, கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இமையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வரச் சொன்னார். முதல் பஸ் போயிருந்தது. அடுத்த பஸ்ஸில் மூன்று பேரும் மதுரைக்குப் போனோம்.

தல்லாகுளத்தில் இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்து, கண்ணாஸ்பத்திரியைக் கண்டுபிடித்தோம். எங்களைப் போலவே தலையில் துண்டும் கையில் மஞ்சள் பையுமாக எத்தனை பேர். பாதிப் பேர் கண்ணைப் பொத்திக்கொண்டு. ஊரே அறுப்பிலிருந்து நேராக இங்கே வந்துவிட்டதா என்று தோன்றியது.

டாக்டர் ஒரு பெண். தாடையைத் தாங்குகிற ஒரு கருவியில் அத்தையை உட்கார வைத்து, விளக்கைப் போட்டுப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துக் கேட்க ஆரம்பித்தார். என்ன பட்டது, எத்தனை நாள் ஆச்சு, கண்ணில் என்னென்ன போட்டீர்கள். அத்தை நெல் பட்டது என்றார். எதுவும் போடவில்லை என்றார். பச்சிலை, தாய்ப்பால், கடை மருந்து ஏதாவது உண்டா, யாராவது நாக்கு வைத்தார்களா என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்லைங்க, இல்லைங்க என்று எல்லாவற்றுக்கும் அத்தை தலையாட்டினார். அம்மா எட்டு வயலுக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் அத்தை அவரை விட்டுக்கொடுக்க மாட்டார். பக்கத்திலேயே நிற்கும்போது எப்படிச் சொல்வார்? தன் கண்ணைப் பணயம் வைத்து அவர் என் அம்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

அந்த அறையில் இருபது பேராவது வரிசையில் நின்றார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் பக்கத்து ஊர். அம்மாவைத் தெரிந்தவர்கள்.

அம்மா முன்னால் வந்தார்.

"நாந்தாங்க நாக்குப் போட்டேன். மூணு தடவை. ஊடால தாய்ப்பால் விட்டோம். அதுக்குப் பெறகு கடையில கேட்டு மருந்து விட்டோம். இந்தா, அந்தப் புட்டி. அவ மேல தப்பு ஒண்ணுமில்ல. அவளுக்கு இருக்குறது அந்த ஒரு கண்ணுதாங்க."

அம்மாவின் குரல் அவ்வளவு தெளிவாக இருந்து நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அப்போது வெட்கமாகத்தான் இருந்தது. தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அவ்வளவுதான் புத்தி. இப்போது அதை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது. அவர் பெயர் முழுவதும் அந்த ஒரு காரியத்தில்தான் இருந்தது. அதைத் தூக்கி அந்த மேஜை மேல் வைத்துவிட்டார்.

டாக்டர் திட்டவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். புட்டியை வாங்கிப் பார்த்ததும் முகம் மாறியது. அத்தையின் கண்ணை மரத்துப்போகச் செய்து, அந்த வெள்ளையிலிருந்து துளி சுரண்டி, கண்ணாடிச் சில்லில் தடவி எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து அம்மாவை உட்காரச் சொன்னார்.

"ஊறுகாயில ஈரக் கையப் போட்டா மேல வெள்ளையாப் பூக்கும்ல, அந்த மாதிரிப் பூஞ்சை. கதிரு கண்ணக் கீறுச்சு, அந்தக் கீறல் வழியா உள்ள போயிருச்சு. எந்தச் சுத்தமான வாயிலயும் கிருமி இருக்கும்மா, அதுவும் சேந்திருக்கும். இந்தச் சொட்டு மருந்து செவப்ப மட்டும் அடக்கும், பூஞ்சைக்கு இது தீனி. செவப்பு போனதும் நல்லாயிருச்சுன்னு நீங்க நினைச்சீங்க."

கண் பிழைக்குமா என்று அம்மா கேட்டார். இப்போது சொல்ல முடியாது, ஆனால் நடந்ததை மறைக்காமல் சொன்னது நல்லது, என்ன மருந்து என்று தேடுவதில் நாள் போகாது என்றார் டாக்டர். அம்மா முந்தானையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். அன்று முழுவதும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அத்தையைக் கொஞ்ச நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். அம்மா கூட இருந்தார். வீட்டுக்கு அனுப்பியபோது ஒரு மருந்து கொடுத்தார்கள். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், குலுக்கித்தான் விட வேண்டும், பகலில் மணிக்கு ஒரு தடவை. எங்கள் வீட்டில் கடிகாரம் இல்லை. அந்தப் பொறுப்பை அம்மா என்னிடம் கொடுத்தார். நீதான் பயப்படுறவ, நீ மறக்க மாட்ட என்றார். என் பயத்தை ஒரு தகுதியாக ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

நான் என்ன செய்தேன் தெரியுமா, நான் நின்றுபோன பள்ளிக்கூடத்தின் மணியைக் கேட்டு மருந்து விட்டேன். ஒரு வகுப்பு முடிந்து மணி அடிக்கும். சோப்புப் போட்டுக் கை கழுவுவேன், குலுக்குவேன், அத்தையை அண்ணாந்து பார்க்கச் சொல்வேன். மணிக்கு மணி சரியாக இல்லாமல் கொஞ்சம் முந்தித்தான் இருந்திருக்கும். முந்தினால் பாவமில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். பள்ளி விட்டதும் டீக்கடை ரேடியோவில் மணி சொல்வதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். மருந்து விட்ட பிறகு, போட்டது கண்ணில் விழுந்ததா கன்னத்தில் விழுந்ததா என்ற கவலை. அத்தை சிரிப்பார். இம்புட்டுக் கவலைப்பட்டு நீ என்னடி ஆகப்போற என்பார். அவர் பிள்ளைகள் இரண்டும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டன. அம்மா அந்த அறுப்பில் அத்தையின் வரிசையையும் சேர்த்து அறுத்தார்.

ஊர் சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அம்மா சொன்னது எங்களுக்கு முன்னாலேயே ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. இருந்தும் பழக்கம் விடுமா. களத்தில் வைக்கோல் உதறும்போது தன் மகள் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். கூடவே ஏழெட்டுப் பேர். அம்மா பிள்ளையைக் கசக்கவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல தண்ணீரை மெதுவாகக் கண்ணில் ஊற்றினார். வரவில்லை. நாக்குப் போடச் சொன்னார்கள். மாட்டேன் என்றார்.

"மதுரைக்குப் போய்ட்டு வந்ததும் மதினிக்கு நாக்கு கூசுதாக்கும்" என்றார் பிள்ளையின் அப்பா. சிலர் சிரித்தார்கள். நாத்தனார் கண்ணுக்கு மூன்று தடவை போட்டவளுக்கு எங்கள் பிள்ளை இளப்பமா என்று ஒரு கிழவர் கேட்டார்.

அம்மாவுக்கு முன்னால் அத்தை பதில் சொன்னார். கண்ணில் கட்டோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் வெளியே வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

"கேலி பேசுறது யாருன்னு எனக்குத் தெரியல அண்ணே, கண்ணு தெரியாது. பிள்ளையத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுக்குப் போங்க. எங்க மதினியே இனிமே கூட்டிக்கிட்டு வரும்."

அம்மா தண்ணீர் பட்ட கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அப்பனும் பின்னாலேயே போனார். இமைக்கு அடியில் சிக்கியிருந்த வைக்கோல் துணுக்கை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு அறுப்புக்கு அறுப்பு அம்மா யாரையாவது பஸ் ஏற்றிக்கொண்டுதான் இருந்தார். முன்னால் கும்பிட்ட சிலர் பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா அதை ஒருநாளும் சொல்லிக் குறைப்பட்டதில்லை. முன்பு எத்தனை கண்ணுக்குக் கெடுதல் செய்தேனோ என்பது மட்டும்தான் அவருடைய குறை. எதையோ எடுத்துக் காட்டி அனுப்பியவர்களில் யார் யாருக்குப் பிறகு பூ விழுந்தது என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்ப்பார். அவன் நேரம் என்று அப்போது சொல்லிவிட்டோமே என்பார். என் கவலைக் குணம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சித்திரைத் திருவிழாக் கூட்டமெல்லாம் கலைந்து, வெயில் காலமும் முடிந்த பிறகு, அத்தையைக் கடைசியாகக் காட்டப் போனோம். புண் ஆறிவிட்டது, தழும்பு நிற்கும் என்று முந்தின தடவையே சொல்லியிருந்தார்கள். அந்தத் தழும்பு எவ்வளவு பார்வையை விட்டுவைத்திருக்கிறது என்பதுதான் தெரிய வேண்டும்.  இத்தனை நாள் கட்டுக்குள்ளும் கருப்புக் கண்ணாடிக்குள்ளும் இருந்த அத்தை, வெளிச்சம் தெரிகிறது, ஆட்கள் அசைவது தெரிகிறது என்பதற்கு மேல் எங்களிடம் எதுவும் சொன்னதில்லை. கேட்க எங்களுக்கும் தைரியமில்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். அம்மா அறைக்குள் வரவில்லை. கதவருகிலேயே நின்றுவிட்டார். டாக்டர் தூரத்தில் நின்று விரலைக் காட்டினார். எத்தனை என்றார். தெரியலைங்க என்றார் அத்தை. இரண்டு அடி முன்னால் வந்து காட்டினார். அத்தை தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார். தெரியலைங்க. நான் என் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு அடி.

"மூணு" என்றார் அத்தை.

மாற்றிக் காட்டினார். ஒன்று. மறுபடி. நாலு. எல்லாம் சரி.

டாக்டர் கையைக் கீழே போட்டுவிட்டு, விரல் போதும், உங்களுக்கு இந்த அறையில் வேறு என்ன தெரிகிறது, சும்மா சொல்லுங்கள் என்றார். அத்தை மெதுவாக முகத்தைத் திருப்பினார். ஜன்னல் என்றார். என்னைத் தாண்டி, கதவுப் பக்கம் திரும்பியதும் நிறுத்திக்கொண்டார். தழும்பு விழுந்த அந்தக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார்.

"அங்கன எங்க மதினி நிக்குது. முந்தானையக் கடிச்சுக்கிட்டு நிக்குது" என்றார். பிறகு குரலை உயர்த்தி, "அழுவாதீக மதினி. பெறகு ஒங்க கண்ணுக்கு நான் மருந்து விட முடியாது" என்றார்.